கரி படிந்த சுவர்

யூதர்களின் ஜெப ஆலயத்தில் பிரார்த்தனையை முன்னின்று நடத்துபவனுக்கு எபிரேய மொழியில் 'ஷெலியாக் சிப்பூர்' என்று பெயர். சபையார் அனுப்பிய தூதன் என்பது அதன் பொருள். கடவுளிடமிருந்து மக்களிடம் வந்தவனாக அவனை யாரும் கருதுவதில்லை. மக்கள் தங்களுக்காகக் கடவுளிடம் பேசிவர அனுப்பியவன் அவன். ஆகையால் பழைய முறைப்படி அவன் சபையாருக்கு முகம் காட்டி நிற்பதில்லை. அவர்கள் எத்திசை நோக்கி நிற்கிறார்களோ அத்திசையையே தானும் நோக்கி, தோரா என்னும் வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையின் முன் நிற்கிறான். அவன் பேழைக்கு முன்னால் 'இறங்கினான்' என்று எழுதுவது பண்டை நூல்களின் வழக்கம். சில பழைய ஆலயங்களில் அவன் நிற்கும் இடமே மற்றத் தரையைக் காட்டிலும் சற்றுத் தாழ்வாக அமைந்திருக்கும். அவன் பிரார்த்தனையில் பிழை செய்தால் அது அவனை அனுப்பியவர்களுக்கே தீய சகுனம் என்கிறது யூதரின் பழைய சட்டநூலான மிஷ்னா. ஏனெனில் ஒருவன் அனுப்பிய தூதன் அவனே என்பது அந்நூலின் நியாயம்.

இந்த ஸ்தானத்தை ஏற்பதற்கும் ஒரு முறை உண்டு. அழைத்தவுடன் எழுந்து போகலாகாது. முதல் அழைப்பை மறுக்க வேண்டும். இரண்டாம் அழைப்பில் எழுவதா இருப்பதா என்று தயங்க வேண்டும். மூன்றாம் அழைப்பில் கால்களை நீட்டி எழுந்து போய்விட வேண்டும். மறுக்கத் தெரியாதவனை உப்பிடாத பண்டத்துக்கும், அளவு மீறி மறுப்பவனை உப்புக் கரித்துக் கெட்டுப்போன பண்டத்துக்கும் ஒப்பிடுகிறது மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத். பணிவுக்கு உப்பை உவமையாக்கிய அந்த ஆசிரியன் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவனாக இருக்க வேண்டும். சபை முழுவதும் காத்து நிற்க, தன் தகுதிக் குறைவையே ஒருவன் விஸ்தரித்துக்கொண்டிருப்பானாகில், அங்கே எல்லோருடைய கவனமும் பிரார்த்தனையை விட்டு அவனிடம் வந்து நின்றுவிடுகிறதல்லவா?

'ரபி' என்ற சொல்லுக்கும் என் ஆசான் என்பதுதான் நேர்ப் பொருள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஒரு ஜனத்தையே வெளிக்கொணர்ந்த மோசேயை அந்த ஜனம் அரசனென்றோ தளபதியென்றோ வழங்காமல், 'நம்முடைய ஆசான் மோசே' என்றே இன்றுவரை சொல்லிவருகிறது. பொதுப் பிரார்த்தனை நடப்பதற்கு ரபி ஒருவர் வந்தாக வேண்டும் என்ற விதி கிடையாது. பத்துப் பேர் கூடினால் போதும். பழைய விதிப்படி வயது வந்த ஆடவர் பதின்மர், இக்காலத்தில் பல சபைகளில் பெண்களையும் சேர்த்துப் பதின்மர். ஒன்பது மகா பண்டிதர்கள் கூடியிருந்தாலும் பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற செருப்புத் தைப்பவன் ஒருவன் அப்போது உள்ளே வந்தால், அந்த ஒன்பது பண்டிதர்களுடைய பிரார்த்தனையையும் சபைப் பிரார்த்தனை ஆக்குகிறவன் அவனே.

தலைவனை நியமிப்பது பற்றித் தல்மூதில் அழகான ஒரு கற்பனை இருக்கிறது. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கும் பணிக்குப் பெசலெயேல் என்ற சிற்பியைத் தேர்ந்த கடவுள், அவன் தகுதியானவனா என்று மோசேயிடம் கேட்கிறார். தேவரீருக்குச் சம்மதமானால் எனக்கும் சம்மதமே என்கிறான் மோசே. ஆயினும் நீ போய் மக்களையும் கேள் என்று அனுப்புகிறார் கடவுள். சபையைக் கலந்துகொள்ளாமல் சபைக்குத் தலைவனை நியமிக்கலாகாது என்ற விதிக்கு இதுவே ஆதாரம். சர்வ வல்லமையுள்ளவராகத் தாம் வணங்கும் கடவுளையே ஜனங்களின் கருத்துக் கேட்டுக் காத்திருக்க வைத்தார்களே, அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவையெல்லாம் விதிகள். விதியை எழுதி வைப்பது எளிது. அது மனிதர்கள் நடுவே என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் யாப்னே என்ற ஊருக்குப் போக வேண்டும். கி.பி. 70இல் ரோமானியர் எருசலேமின் தேவாலயத்தை எரித்து அழித்தபின், பலியும் பலிபீடமும் குருமாரின் ஊழியமும் ஒருங்கே இல்லாமற்போன ஒரு ஜனம், இனி எதைப் பற்றிக்கொண்டு உயிர் வாழ்வது என்று திகைத்து நின்ற காலத்தில், கடலோரச் சமவெளியிலிருந்த அந்தச் சிற்றூரில்தான் யோகனான் பென் சக்காயும் அவருடைய சீடர்களும் ஒரு கல்விச் சபையை நிறுவிப் பிரார்த்தனையையும் நூற்பயிற்சியையும் பலியின் இடத்தில் வைத்தார்கள். அவருக்குப் பின் அச்சபைக்குத் தலைவராக அமர்ந்தவர் ரப்பான் கமாலியேல். பவுல் யாருடைய பாதத்தண்டையில் கற்றதாக விவிலியம் சொல்கிறதோ அந்தக் கமாலியேலின் பேரர். அதே சபையில் ரபி யோசுவா பென் கனனியாவும் இருந்தார். அறிவில் தலைவருக்கு எவ்வகையிலும் தாழாதவர். கையில் பொருள் இல்லாதவர்.

இவ்விருவருக்கும் முதலில் நேர்ந்த பூசல் ஒரு பிறையைப் பற்றியது. மாதம் எந்நாளில் பிறந்தது என்பதைப் பிறை கண்ட சாட்சிகளை விசாரித்தே அக்காலத்தில் நிர்ணயித்தார்கள். ஒருமுறை இரண்டு சாட்சிகள் வந்து பிறையைக் கண்டதாகச் சொன்னார்கள்; மறுநாள் இரவு பார்த்தால் பிறையைக் காணவில்லை. ஆயினும் கமாலியேல் அவர்கள் சாட்சியை ஏற்றுவிட்டார். இது பொய்ச் சாட்சி என்றார் முதியவரான தோசா பென் அர்க்கினாஸ். யோசுவாவும் அவர் பக்கம் சேர்ந்தார். யோசுவாவின் கணக்கின்படி எந்த நாள் பாவநிவாரணப் பெருநாளாகிறதோ, அந்த நாளில் கையில் தடியும் காசும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வந்து சேர வேண்டும் என்று கமாலியேல் ஆணை அனுப்பினார். வருஷத்திலேயே அதிபரிசுத்தமென்று தாம் மனமார நம்பிய நாளைத் தம் கைகளாலேயே மீறும்படி ஏவிய ஆணை அது. யோசுவா மிகவும் வருந்தினார். தோசாவே அவருக்கு நியாயம் எடுத்துச் சொன்னார்: இந்த நியாயசபையின் தீர்ப்பை இன்று மறுக்கத் தொடங்கினால், மோசே காலந்தொட்டு இருந்த ஒவ்வொரு நியாயசபையையும் மறுக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். யோசுவா தடியையும் காசையும் எடுத்துக்கொண்டு யாப்னேக்கு நடந்தார். கமாலியேல் எழுந்து நின்று அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் எனக்கு ஆசான், சொல் கேட்டதில் எனக்குச் சீடன் என்று வரவேற்றார்.

கமாலியேலைக் கொடுங்கோலர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தேவாலயம் இருந்தவரை ஜனத்தை ஒன்றாகப் பிணைக்க ஒரு மலையும் ஒரு மதிலும் இருந்தன. அவை போனபின் ஒரே நாளில் உபவாசிப்பதும் ஒரே நாளில் பண்டிகை கொண்டாடுவதுமே அவர்களுக்கு எஞ்சிய மதிலாயிற்று. அதில் ஒரு கல் பெயர்ந்தாலும் முழுவதும் சரியும் என்று அவர் அஞ்சினார். கப்பலில் போகையில் பேரலை எழுந்து தம்மை மூழ்கடிக்க வந்தபோதுகூட, தாம் செய்ததெல்லாம் தம் கௌரவத்துக்காகவோ தம் குலத்தின் கௌரவத்துக்காகவோ அல்ல, ஜனத்தினுள் பிளவு பெருகாதிருக்கவே என்று அவர் முறையிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பொதுநன்மைக்காகத்தான் செய்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவனுக்கு, தன் கை எதிரிலிருப்பவன் மேல் எவ்வளவு கனமாக விழுகிறது என்பது தெரியாமலே போகக்கூடும்.

அது வெளிப்பட்ட நாள் வந்தது. மாலைப் பிரார்த்தனை கட்டாயமா, விருப்பமா என்று ஒரு மாணவர் யோசுவாவிடம் கேட்டார்; விருப்பம் என்றார் யோசுவா. கமாலியேலிடம் கேட்டார், கட்டாயம் என்றார் கமாலியேல். யோசுவா வேறு விதமாகச் சொன்னாரே என்று மாணவர் சொல்லவும், சபை கூடட்டும் என்று கமாலியேல் காத்திருந்தார். சபை கூடியது, கேள்வி எழுந்தது, தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, இதை மறுப்பவர் உண்டா என்று கேட்டார். யோசுவா, இல்லை என்றார். உம்முடைய பெயரால் அல்லவா எனக்கு வேறு கருத்துச் சொன்னார்கள், எழுந்து நில்லும், உமக்கு எதிராகச் சாட்சி சொல்லட்டும் என்றார் கமாலியேல். யோசுவா எழுந்து நின்றார். சாட்சி உயிரோடு எதிரில் இருக்கும்போது நான் எப்படி மறுப்பேன் என்று தம் கருத்தை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு கமாலியேல் அவரை உட்காரச் சொல்லவில்லை. தாம் உட்கார்ந்தபடி பாடத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த முதிய ஆசான் நின்றுகொண்டே இருந்தார்.

பின்னர் சபை முணுமுணுக்கத் தொடங்கியது. தலைவரின் சொற்களை உரத்த குரலில் சபைக்கு எடுத்துச் சொல்ல ஊத்ஸ்பித் என்ற உரைஞர் ஒருவர் அங்கே இருந்தார். நிறுத்து என்று அவரைப் பார்த்துக் கூவினார்கள். அவரும் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், வாளுமில்லை, கலகமுமில்லை. ஒரு தலைவனுடைய குரலைச் சபைக்குக் கொண்டுசெல்கிற வாய் மூடிக்கொண்டது. பேசிக்கொண்டிருந்தவர் தனியே பேசுகிறவராகிவிட்டார். பிறை விஷயத்தில் ஒருமுறை, முதற்பேறான கால்நடையைப் பற்றிய ஒரு விவகாரத்தில் மற்றொருமுறை, இப்போது இது. எத்தனை முறைதான் இவரை வருத்துவார் என்று பேசி, அன்றைய தினமே அவரைத் தலைமையிலிருந்து நீக்கினார்கள்.

யாரை அமர்த்துவது? யோசுவா வழக்கில் ஒரு கட்சிக்காரர், ஆகையால் கூடாது. அகிபா பேரறிஞர், ஆனால் முன்னோர் பெருமை இல்லாதவர். அறிவும் செல்வமும் பழங்கால வேத அறிஞர் எஸ்றாவின் வம்சமும் உடைய எலெயாசார் பென் அசரியாவிடம் போனார்கள். வீட்டாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். உம்மையும் ஒருநாள் நீக்கிவிட்டால் என்ன செய்வீர் என்று மனைவி கேட்டாள். விலையுயர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தை ஒருநாளாவது பயன்படுத்திவிடலாம், நாளை உடைந்தால் உடையட்டும் என்ற கருத்துப்பட விடை சொன்னார். உமக்கு நரை இல்லையே என்றாள் அவள். அவருக்கு அப்போது வயது 18. அன்றே அவர் தலையில் பதினெட்டு வரிசை மயிர் நரைத்ததாம். அற்புதங்களை நம்பாதவரும்கூட இதை நம்பலாம். ஒரே நாளில் முதுமை அடையாமல் பிறருடைய பொறுப்பை யார் ஏற்றிருக்கிறார்கள்?

புதிய தலைமையில் முதலாவதாக அகற்றப்பட்டவன் வாசற்காவலன். உள்ளமும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் எவனும் கல்விக்கூடத்துக்குள் வரலாகாது என்பது கமாலியேலின் கட்டளை. அதற்கென்றே வாசலில் ஆள் நின்றிருந்தான். அவன் போனதும் கூட்டம் உள்ளே நுழைந்தது. புதிதாக 400 பெஞ்சுகள் போட வேண்டியதாயிற்று என்கிறார் ஒருவர். 700 என்கிறார் மற்றொருவர். வருஷக்கணக்காகத் தெருவில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேர்! இத்தனை பேருக்கு வேதத்தை மறுத்துவிட்டேனோ என்று கமாலியேல் மனம் குலைந்தார். சாம்பல் நிரம்பிய வெள்ளைச் சாடிகளை அவர் கனவில் கண்டார். வந்தவர்கள் வெளியே வெண்மை, உள்ளே சாம்பல் என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் தல்மூத் அவருக்கு அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது: அவர் மனம் தேற வேண்டும் என்பதற்காகவே அந்தக் கனவு காட்டப்பட்டது, உண்மை அதுவல்ல என்று எழுதிவிடுகிறது.

கமாலியேலுடைய பெருமை இனித்தான் தெரிகிறது. பதவி பறிபோன அந்த நாளிலும் அவர் ஒரு நாழிகைகூடக் கல்விக்கூடத்தை விட்டு விலகவில்லை. நேற்றுவரை தாம் தலைமை வகித்த சபையில், இன்று பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடையே ஒருவராக அமர்ந்து வாதாடினார். யூத சபையில் சேர விரும்பி வந்து நின்ற அம்மோன் இனத்தவன் ஒருவனைச் சேர்க்கலாமா என்ற வழக்கில் கூடாது என்று அவர் வாதித்தார். கூடும் என்றார் யோசுவா. யோசுவாவின் வாதமே வென்றது. தோற்றபின் எழுந்து, யோசுவாவைச் சமாதானப்படுத்தி வருகிறேன் என்று அவர் வீடு தேடிப் போனார்.

வீட்டினுள் நுழைந்தவர் சுவர்களைப் பார்த்தார். அவை கறுத்துக் கிடந்தன. உம் வீட்டுச் சுவர்களைப் பார்த்தால் நீர் கரித்தொழில் செய்பவர் என்று தெரிகிறதே என்றார். அதற்கு யோசுவா சொன்ன விடை, தலைமை வகிக்கும் எவரும் மறக்கக் கூடாதது: அறிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், எதை உண்கிறார்கள் என்று அறியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ என்றார். இத்தனை ஆண்டுகளாகச் சபையில் எதிரெதிரே அமர்ந்து சந்திரனின் போக்கையும் பண்டிகையின் நாளையும் பற்றி வாதிட்ட இருவரில் ஒருவருக்கு, மற்றவர் மாலையில் வீடு திரும்பி எந்த உலையின் முன் குனிகிறார் என்பது தெரியாமலே இருந்திருக்கிறது. எழுந்து நிற்க வைத்த குற்றத்தைவிட இதுவே பெரிய குற்றம் என்று யோசுவா நினைத்தார் போலும். மன்னிப்பை அவர் உடனே கொடுக்கவுமில்லை. என் தந்தையின் வீட்டை நினைத்தாவது மன்னியும் என்று கேட்டபிறகே இணங்கினார். இருவரும் சமாதானமான செய்தியைச் சபைக்கு எடுத்துச் செல்ல முதலில் முன்வந்தவர் ஒரு துணி வெளுப்பவர்.

இந்தக் கமாலியேலைப் பற்றித்தான் வேறு கதைகளும் இருக்கின்றன. தம் மகனுடைய திருமணத்தில் அவரே நின்றுகொண்டு விருந்தினருக்குத் திராட்சை ரசம் ஊற்றினார். நாம் உட்கார்ந்திருக்க அவர் நின்று பரிமாறுவதா என்று எலியேசர் என்ற மற்றோர் அறிஞர் கிண்ணத்தை வாங்க மறுத்தார், வாங்கிக்கொண்டவர் யோசுவா. இவரைக் காட்டிலும் பெரியவரான ஆபிரகாமும் வழிப்போக்கருக்கு நின்று பரிமாறியவரே என்றார். மற்றொரு கதையில் இருவரும் கடற்பயணம் போகிறார்கள். கமாலியேல் கொண்டுவந்த ரொட்டி தீர்ந்துபோக, யோசுவா கூடுதலாக எடுத்துவந்த மாவு இருவருக்கும் உதவுகிறது. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை உதித்து மாலுமிகளை வழி தவறச் செய்யும் நட்சத்திரத்தை எண்ணி அதைக் கொண்டுவந்தேன் என்கிறார் யோசுவா. இத்தனை அறிவிருந்துமா பிழைப்புக்காகக் கப்பல் ஏறுகிறீர் என்று வியக்கிறார் கமாலியேல். என்னைப் பற்றி வியப்பானேன், கடலின் துளிகளைக் கணக்கிட வல்ல இரண்டு மாணவர்கள் உம்முடைய ஊரில் உண்ண ரொட்டியும் உடுக்க ஆடையும் இன்றி இருக்கிறார்களே என்கிறார் யோசுவா. கரை சேர்ந்ததும் கமாலியேல் அவ்விருவரையும் தலைமைப் பதவியில் அமர்த்த அழைத்தார், அவர்கள் வரவில்லை. மறுபடி ஆள் அனுப்பினார், வந்தார்கள். உங்களுக்கு ஆட்சியைத் தருவதாகவா எண்ணினீர்கள், நான் தருவது அடிமைத்தனம் என்றார்.

அக்காலத்தில் பிணத்தை அடக்கம் செய்யும் செலவு மரணத்தைக் காட்டிலும் பெருந்துன்பமாகி, உறவினர் பிரேதத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போகும் நிலை இருந்தது. தம்மை எளிய சணல்நூல் துணியில் சுற்றி அடக்கம் செய்ய வேண்டும் என்று கமாலியேல் கட்டளையிட்டார். தலைவரே அப்படிப் போனபின் ஏழைக்கு அதில் இழிவு ஏது? செல்வனும் வறியவனும் ஒரே விதமான வெள்ளைத் துணியில் மண்ணுக்குப் போவது அன்றுமுதல் யூதரின் வழக்கமாயிற்று. இக்கதைகளில் எது முன்னர், எது பின்னர் என்று நூல்கள் வரிசைப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கட்டளையைப் படிக்கும்போதெல்லாம், கரி படிந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர் இட்ட கட்டளை அது என்று எண்ணுவதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

நிறுத்து என்று கூவும் உரிமையைச் சபை பின்னாளிலும் கைவிடவில்லை. மத்திய காலத்தில் ஜெர்மானிய, பிரெஞ்சு யூதர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. சபையின் பெரியவர்களாலோ செல்வாக்குள்ள ஒருவராலோ அநீதி இழைக்கப்பட்டு நியாயம் கிடைக்காதவர் எவராயினும், விதவையோ அநாதையோ ஆயினும், ஆலயத்தில் எழுந்து பிரார்த்தனையையோ தோரா வாசிப்பையோ தடுத்து நிறுத்தலாம். தம் வழக்குக்கு வழி சொல்லும்வரை சபை மேலே போகலாகாது. கடவுளை ஒரு நாழிகை காக்க வைத்தாலும் வைக்கலாம், அழுகிறவனைக் காக்க வைக்கலாகாது என்று துணிந்த சமூகம் அது. ஆலயத்தின் அமைதி கெடுவது பெரியவர்களுக்கு எத்தனை உறுத்தலாக இருந்திருக்கும்! நாளடைவில் அவ்வுரிமைக்குப் பல கட்டுப்பாடுகள் விதித்தார்கள். ஆயினும் கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் அது நெடுங்காலம் உயிரோடிருந்தது.

அதன் வேறொரு வடிவம் நமக்கு அருகிலேயே நிகழ்ந்தது. கொச்சி யூதர்களிடம் பட்டம் பெற்ற ரபிகள் இருந்ததில்லை. பெரியவர்களே சபையை நடத்தினார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவரான ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. பகல் விளக்கும் பல்லக்கும் குடையும் உள்ளிட்ட 72 உரிமைகளை அது தருகிறது. பிற்காலத்தில் கொச்சி மன்னர்கள் யூதர் தலைவருக்கு அளித்த பட்டம், நாம் நன்கறிந்த 'முதலியார்' என்பதே. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயத்திலோ, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பெஞ்சில் உட்காரும் உரிமை இருக்கவில்லை. முன்கூடத்துத் தரைதான் அவர்களுடைய இடமாக இருந்தது. தோரா வாசிக்க அவர்களை அழைத்ததும் இல்லை. அந்த வம்சத்தில் 1882இல் பிறந்து, சட்டம் பயின்று வக்கீலாகி, கொச்சிச் சட்டசபையிலும் இடம்பெற்ற ஏ. பி. சேலம், காந்தியடிகளிடம் கற்ற சத்தியாக்கிரகத்தைத் தம் சொந்த ஆலயத்தினுள்ளேயே கைக்கொண்டார். சிறிது சிறிதாக அந்தத் தடைகள் தளர்ந்தன. தம்மைத் தரையில் உட்கார வைத்த சபையை அவர் விட்டுப் போகவுமில்லை. கொச்சி யூதர்கள் இஸ்ரவேலுக்குக் குடிபெயர விரும்பியபோது அவர்களுக்காக 1953இல் அங்கே போய் வாதாடியவர் அவரே. 1967இல் இறந்ததோ கொச்சியில்தான். பட்டம் எதுவும் பெறாத தூதன்.

யாப்னேயில் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லை. கமாலியேலை மறுபடியும் தலைமையில் அமர்த்தினார்கள். எலெயாசாரை என்ன செய்வது? பரிசுத்தத்தில் ஏற்றலாமே ஒழிய இறக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை; ஆகவே வாரங்களைப் பகிர்ந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். எலெயாசாருக்கு ஒரு வாரம், மற்றவை கமாலியேலுக்கு. யோசுவா முதுமையில் பெக்கியீன் என்ற ஊரில் இருந்தார். யாப்னேயிலிருந்து வந்த மாணவர்கள் இருவர் அவரைக் காணப் போனார்கள். இன்று கல்விக்கூடத்தில் என்ன புதிதாகச் சொன்னார்கள் என்று கேட்டார். நாங்கள் உங்கள் மாணவர்கள், உங்கள் தண்ணீரையே குடிக்கிறோம் என்று அவர்கள் தயங்கினார்கள். புதுமை இல்லாமல் கல்விக்கூடம் இருக்க முடியாது என்று வற்புறுத்தி, இந்த ஓய்வுநாள் யாருடையது என்றார் கிழவர். எலெயாசாருடையது என்றார்கள். ஜனம் முழுவதையும் கூட்டி வேதத்தை வாசித்துக் காட்டுகிற பெருங்கூட்டத்தைப் பற்றி அவர் அன்று பேசியிருந்தார். ஆண்கள் கற்க வருகிறார்கள், பெண்கள் கேட்க வருகிறார்கள், ஒன்றும் விளங்காத சிறு குழந்தைகள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டு, அவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பலன் கிடைப்பதற்காக என்று தாமே விடை கூறியிருந்தார். கையில் இத்தனை நல்ல முத்தை வைத்துக்கொண்டா என்னிடம் மறைக்கப் பார்த்தீர்கள் என்றார் யோசுவா.